பூதபுரிப் பேய்த்தீனி: கண், விரல், கோணல் குறித்த ஓர் ஆய்வு

பேய்த்தீனி என்பது, அக்டோபர் 31ஆம் நாள் மாலையில் பேயுருவில் சமைக்கப்பட்டு, பேய்வேடமிட்ட சிறார்களால் பேய்ப்பசியோடு உண்ணப்படும் சிற்றுண்டி வகையாகும். ஹாலோவீன் எனப்படும் அந்நாள், நவம்பர் 1இல் வரும் புனிதர் அனைவர் பெருவிழாவுக்கு முந்திய இரவு. தமிழ்க் கத்தோலிக்கர் நவம்பர் 2இல் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிய வழக்கம், குடியேறிகளோடு அமெரிக்கா சென்று பரங்கிக்காயாகப் பருத்து, திரைப்படங்களின் வழியே உலகெங்கும் உலவி, அண்மைக்காலத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வழித்தடத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளையும் வந்தடைந்துள்ளது.

இதை அந்நியச் சரக்கென்று ஒதுக்குவோர் தலபுராணம் படியாதவர்கள். 1017இல் இராமானுசர் பிறந்த ஊராகிய ஸ்ரீபெரும்புதூருக்குப் பூதபுரி என்றொரு பழம்பெயர் உண்டு. நடனமாடிய சிவபெருமானின் ஆடை குலைந்தது கண்டு சிரித்துவிட்ட பூதகணங்கள், சாபமுற்று இங்கு வந்து தவமிருந்து, ஆதிகேசவப் பெருமாளின் அருளால் மீண்டன என்பது அப்புராணம் கூறும் செய்தி. சிரித்ததற்காகத் தண்டனை பெற்ற பூதங்கள் தங்கிய ஊரில், குழந்தைகளைச் சிரிக்கவைப்பதற்காகவே பூதம் பிடிப்பதை ஒருவகைப் பரிகாரமாகவும் கொள்ளலாம். 1998இல் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தபோது, இவ்வட்டாரத்துப் பூதங்கள் பல நூற்றாண்டு சர்வீஸ் முடித்திருந்தன.

பூசணியும் புதிதன்று. கட்டி முடியாத கட்டடங்களில் முறுக்கு மீசையும் கோரைப்பல்லுமாகத் தொங்கும் திருஷ்டிப் பூசணியையும், ஆயுத பூசையன்று குங்குமமும் சில்லறையும் திணிக்கப்பட்டுத் தொழிற்சாலை வாயிலில் உடைபடும் பூசணியையும் அறியாதார் இலர். (உடைத்த பூசணி மறுநாள் காலை இருசக்கர வாகனத்தில் வருபவருக்கு ஊட்டும் திகிலை எந்த அயர்லாந்துப் பேயும் ஊட்டியதில்லை.) ஆயினும் தொங்குவதும் உடைவதும் வயிற்றுக்குப் போவதில்லையாதலால், தின்னத்தக்க பேயைத் தேடும் ஆய்வு அரிசி மாவைத்தான் நாட வேண்டியுள்ளது.

பேய்த்தீனியின் முதல் விதி கண்விதி. இரு புள்ளிகள் அருகருகே தென்பட்டால் அங்கொரு முகம் இருப்பதாகக் கொள்வது மனித மூளையின் இயல்பு. பரைடோலியா என்று உளவியலார் கூறும் இவ்வியல்பினால், வெறும் இட்லி உணவாகவும், கரும்புள்ளி இரண்டு பெற்ற இட்லி பேயாகவும் கொள்ளப்படுகின்றன. கண்ணின் எண்ணிக்கை கூடினால் அச்சமும் கூடிவிடாது என்பதற்கு மூன்று கண் படைத்தும் நாள்தோறும் உடைபடும் தேங்காயே சான்று. கண்ணுக்கு உகந்த பொருள் எது என்பதில்தான் நுணுக்கம் உள்ளது. மிளகு கடிபட்டால் குழந்தை அழும். அழவைப்பது பேயின் தொழிலே ஆயினும், காரத்தால் அழவைப்பது பேய்க்கு இழுக்கு. எள் உதிரும். எஞ்சுவது உலர்திராட்சை. அதையும் மாவு ஊற்றிய கையோடு பதித்தால், இளகிய மாவில் அமிழ்ந்து பேய் குருடாகும். மூடிவைத்து இரண்டு மூன்று நிமிடம் சென்று, மேற்பரப்பு சற்றே இறுகியபின் கொப்பரையைத் திறந்து பதித்தால் நிற்கும். பின்னர் அத்திராட்சை ஆவியை உறிஞ்சிப் பருத்து, இட்லி வேக வேக விழி பிதுங்கி வரும் காட்சி, தோசைக்கோ சப்பாத்திக்கோ வாய்க்காதது.

அடுத்தது விரல். மேலைநாட்டார் பாதாம் பருப்பை நகமாகப் பதித்துச் சூனியக்காரி விரல் என்றொரு பிஸ்கட் செய்வர்; அதற்கு வெண்ணெயும் ஓவனும் தேவை. பிடிகொழுக்கட்டையோ பிறக்கும்போதே விரற்பதிவோடு பிறப்பது. அதை விரலாகவே ஆக்கிவிடுவது ஒருபடி நீட்டிப்புதான். உப்பும் சிறிது நல்லெண்ணெயும் விட்டுக் கொதித்த நீரைப் பச்சரிசி மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, சுண்டுவிரல் பருமனுக்கு உருட்டி, கத்தியின் முதுகால் ஈரிடத்தில் கீறினால் கணுக்கள் தோன்றும். தோல் நீக்கிய வேர்க்கடலையின் ஒரு பாதியை நுனியில் அழுத்தி அவித்தால் நகம் அமையும். நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கடலை தொண்டையில் அடைக்கக்கூடுமாதலால், அவர்தம் பேய் நகம் வெட்டிய பேயாக இருத்தல் நலம். அடிமுனையைப் பீட்ரூட் சாற்றில் தோய்த்தால் வெட்டுண்ட இடம் ஆகும். நெடுநேரம் கொதித்தால் மங்கிவிடும் அச்சாற்றின் செந்நிறத்தை எலுமிச்சைச் சாறு ஓரளவு காக்கும். மாவு உலர்ந்து வெடித்தாலும் கேடில்லை. பிள்ளையார் சதுர்த்தியன்று சமைத்தவரின் மானத்தை வாங்கும் அதே வெடிப்பு, ஹாலோவீனன்று முதுமைச் சுருக்கமெனப் பாராட்டுப் பெறும். (அவித்த முட்டையில் சூடான இடியாப்பத்தைச் சுற்றி எகிப்தியப் பிணம் செய்வாரும் உண்டு, ஆறியதும் இடியாப்பம் அறுந்துவிடுவதால் அதுபற்றி மேலும் கூறத் தேவையில்லை.)

வெடிப்பு குறித்த இக்கருத்தே இவ்வட்டாரத்தில் பெரும் பூசலுக்குக் காரணமாகிறது. காரும் மோட்டார் சைக்கிளும் செல்போனும் ஒன்றுபோல் மற்றொன்றாக இறங்கிவர வேண்டிய இவ்வழித்தடத்தில், லைனில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்துப் பழகிய தாய், கண் விலகிய இட்லியை ரிஜெக்ட் என்று தனித்தட்டில் ஒதுக்குகிறார். பிள்ளைகள் முதலில் பாய்வது அத்தட்டின்மீதே. நேர்கண் கொள்கையினர் என்று அழைக்கத்தக்க பெரியோர், பேயாயினும் அளவு பிசகலாகாது என்பர். கோணற்கண் கொள்கையினராகிய சிறுவரோ, அளவு பிசகாதது பேயே ஆகாது என்பர். பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறங்கி இரவில் கிளம்பும் உயிர் என்னும் பேயிலக்கணம், நைட் ஷிப்டுக்குப் போகும் தந்தைக்கும் அப்படியே பொருந்துவதால், சீரான பேய் எதையும் பொருட்படுத்தாத பயிற்சி இச்சிறுவருக்கு வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பதையும் கருத வேண்டும்.

இவ்வாய்வு சிறுவர் பக்கமே சாய்கிறது. கைசன் எனத் தொழிற்சாலைச் சுவர்களில் எழுதப்படும் ஜப்பானிய முறை, சிறுசிறு திருத்தங்களால் குறைகளைக் களைந்துகொண்டே செல்வது. பேய்த்தீனியிலோ அதைத் தலைகீழாக்கி, ஒவ்வோர் ஈடும் முந்திய ஈட்டைவிடக் கோணலாக இறங்க வேண்டும். கடையில் விற்கும் சிலிக்கான் அச்சில் வார்த்த பேய்கள் கூட்டமாகச் சிரித்தாலும் ஒருவரும் அஞ்சாமைக்குக் காரணம் இதுவே. 2024இல் தீபாவளியும் அக்டோபர் 31ஆம் நாளிலேயே வந்தது. அத்தகைய ஆண்டில் பிழியும்போதே சிதறிய முறுக்கைச் சிலந்தி வலை என்று அறிவித்துவிட்டால் ரீவொர்க் என்ற பேச்சுக்கே இடமில்லை.

மிஞ்சிய விரல்கள் மறுநாள் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலையுடன் தாளிக்கப்பட்டுக் காலை ஷிப்ட் டப்பாவுக்குச் செல்லும்போது பேய்த்தன்மை நீங்கிவிடுகிறதா என்பது தனி ஆய்வுக்குரியது. துண்டு போட்டுத் தாளித்தாலும் நகங்கள் சில கழலாமல் நிற்பதால், கேன்டீனில் டப்பாவைத் திறப்பவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.