சாப்பிட்ட பிறகு, ஒரு கமா

போன செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் ஹோம்புஷ் தொடர்மாடியின் லிஃப்ட் வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. 'விசிட்டர்ஸ் ஹூ ஓவர்ஸ்டே ரெகுலர்லி வில் பீ ஃபைன்ட்.' அடிக்கடி கூடுதல் நேரம் காரை விடுகிறவர்களுக்குத் தண்டமா, கூடுதல் நேரம் விடுகிறவர்களுக்கு அடிக்கடி தண்டமா? அந்த ரெகுலர்லி இரண்டு வளவுக்கும் பொதுவான வேலிப் பூவரசு மாதிரி நடுவில் நிற்கிறது. இரண்டு பக்கமும் உரிமை கொண்டாடலாம். முதல்நாள் இரவு வந்து நின்றது என் சிநேகிதனுடைய கார். ஆகவே எனக்கு இது இலக்கணப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை.

உடனே பதில் எழுதினேன். 'டுடே மோர்னிங் ஐ சோ யுவர் நோட்டிஸ். யெஸ்டர்டே நைட் ஒன்லி தே கேம்.' அனுப்புவதற்குள், ஐந்தாம் வகுப்புப் பேரன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டான்.

"அப்பப்பா, டுடே மோர்னிங் எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம். திஸ் மோர்னிங்."

"யெஸ்டர்டே மோர்னிங்?"

"அது ஓகே."

"டுமோரோ மோர்னிங்?"

"அதுவும் ஓகே."

"அப்ப இண்டைக்கு மட்டும் என்ன குற்றம் செய்தது?"

உதட்டைப் பிதுக்கினான். யெஸ்டர்டே நைட்டை லாஸ்ட் நைட் ஆக்கினான். சரி, லாஸ்ட் மோர்னிங் என்று சொல்லலாமா என்றால் கூடாதாம். பிறகு ஒன்லியில் கை வைத்தான். ஒன்லியை இடம் மாற்றி வைத்தார்கள் என்று ஊரைத் திருத்தப் புறப்படுகிறவர்களை ஃபவுளர் தன்னுடைய ஆங்கில வழக்கு அகராதியில் 1926இலேயே வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார் என்றேன்.

"ஹூ இஸ் ஃபவுளர்?"

முப்பது வருடம் ஆங்கிலத்தில் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கினவன் நான். 'நேற்று ஃபிளெமிங்டன் மார்க்கெட்டில் கத்தரிக்காய் வாங்கினேன்' என்பதில் நேற்றைத் தூக்கி எங்கே வைத்தாலும் கத்தரிக்காய் கத்தரிக்காய்தான். ஆங்கிலத்தில் 'ஐ போட் யெஸ்டர்டே பிரிஞ்சால்' என்று எழுதிப் பாருங்கள், உங்களை இப்போதுதான் கப்பலால் இறங்கினவர் மாதிரிப் பார்ப்பார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசியில் திஸ் மோர்னிங்குக்குப் பின்னால் ஒரு கமாவைப் போட்டான், அழித்தான், திரும்பப் போட்டான். "போட்டாலும் சரி, விட்டாலும் சரி," என்றான். போட்டாலும் விட்டாலும் சரியான ஒன்றுக்கா என்னைக் கால்மணி நேரம் இருத்திவைத்தாய்?

இந்தக் கமாவுக்கு ஒரு கதை இருக்கிறது. 1925இல் நியூ யோர்க்கர் பத்திரிகையைத் தொடங்கிய ஹரல்ட் ரோஸ் கமாப் பைத்தியம். 'இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆண்கள் வரவேற்பறைக்குப் போனார்கள்' என்ற வசனத்தில் பிறகுக்குப் பின்னால் ஏன் கமா என்று அந்தப் பத்திரிகையில் எழுதிவந்த ஜேம்ஸ் தர்பரைக் கேட்டார்கள். அவர்கள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்ப வேண்டாமா, அதற்கு ரோஸ் கொடுத்த அவகாசம் அது என்றாராம்.

கதிரையைத் தள்ள ஒரு கமா! ரோஸ் ஹோம்புஷில் ஒருநாள் சாப்பிட்டிருக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு, கை கழுவ ஒரு கமா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பதற்கு ஒன்று. "அப்ப வெளிக்கிடுவம்" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருப்பதற்கு ஒன்று. எழும்பினால், மிஞ்சின இடியப்பத்தைப் பெட்டியில் போட ஒன்று, பெட்டியின் மூடி தேட இன்னொன்று. வாசலில் ஒரு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, மற்றச் சப்பாத்தைக் கையில் வைத்தபடி, சாவகச்சேரியில் காணி விற்றவரின் முழுக்கதை. அதற்கு அரைப்புள்ளி வேண்டும். "போட்டு வாறம்." பிறகு லிஃப்ட்; அதை ஒருவர் காலால் மறித்துக்கொண்டு நிற்க, மகளுக்குப் பேசிவந்த சம்பந்தம். பிறகு கீழே, காருக்குள் ஏறி, கண்ணாடியை இறக்கி, "மறந்துபோனன்..." என்று தொடங்குகிற விஷயம். 1855இல் திறந்த எங்கள் ஸ்ரேஷனில் எந்த ரயிலும் இவ்வளவு நேரம் நின்றிருக்காது. போன திங்கள் இரவு இந்த ஒரு வசனம் முடிய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, விசிட்டர் பார்க்கிங்கில்.

ஆங்கிலேயனை மட்டும் திட்டவும் முடியவில்லை. ஓலைச்சுவடியில் கமாவும் கிடையாது, முற்றுப்புள்ளியும் கிடையாது. நிம்மதியாக இருந்தோம். தமிழ் வசனத்துக்குள் இந்தக் குறிகளைக் கொண்டுவந்த பெருமையை, நல்லூர் ஆறுமுக நாவலருக்கு நாங்களே மேடைபோட்டுக் கொடுத்துவருகிறோம்.

என்னுடைய பதில் இன்னும் போகவில்லை. கமாவோடு ஒன்று, கமா இல்லாமல் ஒன்று என்று இரண்டு பிரதி இருக்கிறது. எதை அனுப்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சிநேகிதன் ஃபோன் எடுத்தான். இன்றிரவு ஏழு மணிக்கு வருகிறார்களாம், அதாவது எட்டரைக்கு.

"கார் விட இடம் இருக்கோ?"

"இருக்கு, வாங்கோ."