150 பி.எஸ்.ஐ. மருமவனே!

டயருக்குக் காத்தடிக்கிற மிஷினு எது வாங்கலாம்னு என்கிட்டயே கேக்கீரே மருமவனே, உமக்குத் தைரியம் ஜாஸ்திதான். தேரிக்காட்டு மணல்ல மாட்டுன வண்டிகள டிராக்டர் வச்சு இழுத்துவிட்டுப் பொழைக்கிறவன் நான். நீரு சரியான மிஷின வாங்கி, சரியாக் காத்த எறக்கி, சரியா ஏத்திக்கிட்டு வீடு போய்ச் சேந்துட்டா என் டிராக்டருக்கு டீசல் யாரு ஊத்துவா? என்ன செய்ய, அக்கா மவனாப் போயிட்டீரு. நட்டம்னாலும் சொல்லித்தான ஆவணும்.

நீரு வாட்ஸப்புல அனுப்புன படத்தப் பாத்தேன். அடேயப்பா, என்ன அழகு! உள்ளங்கையில அடங்குது. டார்ச் லைட்டு எரியுமாம், செல்போனுக்குச் சார்ஜ் ஏறுமாம், பச்சை எழுத்துல நம்பரு மின்னுமாம். பெட்டி மேல 150 பி.எஸ்.ஐ.ன்னு கொட்டை எழுத்து. வெல ரெண்டாயிரத்துச் சொச்சம். எல்லாம் இருக்கு. காத்து எவ்வளவு வரும்னு மட்டும் தேடித் தேடிப் பாத்தேன், பெட்டிக்கு அடிப்பக்கத்துல எறும்பு சைசுல எழுதியிருக்கான்.

உம்ம தாரு வண்டியில டிரைவர் கதவத் தொறந்தா, ஓரத்துல ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதுல போட்டிருக்குறது 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். அப்ப 150-ஐ வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறீரு? ரேஸ் சைக்கிளு ஓட்டுறவனுக்கு 100 வேணும், லாரிக்காரனுக்கு 100-க்கு மேலயும் வேணும். உமக்கு எதுக்கு? அந்த மிஷினு 150 வரைக்கும் தள்ளும்னு அவன் சொல்லுறதுல பொய்யில்ல. எப்பத் தள்ளி முடிக்கும்னுதான் சொல்லல. நம்ம தோட்டத்துக்கு மோட்டார் வாங்கப் போனா உங்க தாத்தா என்ன கேப்பாரு? எத்தனை அடி ஆழத்துலருந்து ஏத்தும்னு மட்டுமா கேப்பாரு? மணிக்கு எவ்வளவு தண்ணி கொட்டும், எத்தனை நேரத்துல வாழை பூரா நனையும்னுல்ல கேப்பாரு. பேரன் பெங்களூர்ல படிச்சவன், ஆழத்த மட்டும் பாத்துட்டு ஆர்டர் போடப் பாக்கான்.

நீரு இஞ்சினியரு, ஒரு கணக்கு சொல்லுதேன், தப்பிருந்தாத் திருத்தும். உம்ம டயரு 255/65, 18 இஞ்சு ரிம்மு. உள்ள இருக்குற எடம் ஏறத்தாழ 65 லிட்டரு. நம்மளச் சுத்தி இருக்குற காத்துக்கே 14.7 பி.எஸ்.ஐ. அழுத்தம் உண்டு. அதனால 15-லருந்து 30-க்கு ஏத்தணும்னா, டயரு எத்தனை லிட்டரு கொள்ளுமோ அத்தனை லிட்டரு வெளிக்காத்தப் புதுசா உள்ள திணிக்கணும். ஒண்ணுக்கு 65, நாலுக்கும் 260. உம்ம அழகு மிஷினு நிமிஷத்துக்கு 35 லிட்டருங்கான். வகுத்தா எட்டு நிமிஷம் கூட வரல, மாமா சும்மா பயங்காட்டுதாருன்னு தோணும். அங்கதான் மருமவனே வித்தையே. அந்த 35 லிட்டரு, ஓஸ் முனையில ஒண்ணுமே மாட்டாம வெட்டவெளியில ஊதும்போது அளந்தது. டயருல மாட்டுனா உள்ள இருக்குற காத்து எதுத்து நிக்கும். ஏத்த ஏத்த அதோட பலம் கூடும், மிஷினோட பலம் கொறையும். 30-ஐ நெருங்கும்போது சொன்னதுல பாதி வந்தாப் புண்ணியம்.

அதனால கடையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு. 30 பி.எஸ்.ஐ.ல நிமிஷத்துக்கு எத்தனை லிட்டரு? இதக் கேட்டதும் கடைக்காரப் பையன் உள்ள போயி மொதலாளியக் கூட்டிட்டு வருவான். மொதலாளி வந்து டார்ச் லைட்ட எரியவிட்டுக் காட்டுவாரு. நீரு விடாதேயும். பெட்டியில சி.எஃப்.எம்.ன்னு இருந்தா 28-ஆல பெருக்கும், லிட்டரு கெடைச்சிரும். மெல்போர்ன்ல 1975-ல ஆரம்பிச்ச ஏ.ஆர்.பி.ன்னு ஒரு கம்பெனி, காடு மேடு ஏறுற ஜீப்பு வண்டிகளுக்குன்னே சாமான் செய்யுறவன். அவனோட ரெட்டை சிலிண்டர் மிஷினுக்கு சும்மா ஊதுனா 174 லிட்டரு, 29 பி.எஸ்.ஐ.ல 132 லிட்டருன்னு ரெண்டையும் தனித்தனியாப் போட்டிருக்கான். அதையே வாங்கும்னு சொல்லல, அதோட வெலையக் கேட்டா உங்க அம்மா எனக்குப் போன் போட்டுத் திட்டும். ரெண்டு நம்பரையும் மறைக்காமச் சொல்லுறவன நம்பலாம்னு சொல்லுதேன், அம்புட்டுதான்.

அடுத்தது சூடு. சித்திரை வெயில்ல தேரிமணல்ல வெறுங்கால வச்சுப் பாத்திருக்கீரா? செருப்பில்லாம நாலு எட்டு நடக்க முடியாது. அந்த மணல் மேல மிஷினக் கெடத்தி, ரெண்டு டயருக்கு அடிச்சு முடிச்சதும், மூணாவதுக்குப் பாதியில டப்புன்னு நின்னுரும். செத்துப் போச்சுன்னு நெனச்சு நீரு அதத் தட்டுவீரு, குலுக்குவீரு. சாவல. சூடு தாங்காமத் தானா அணைஞ்சுக்கிடுது, ஆறுனாத்தான் மறுபடி ஓடும். எம்புட்டு நேரம் ஓடலாம், எம்புட்டு நேரம் ஆறணும்ங்கிற கணக்குக்கு ட்யூட்டி சைக்கிள்னு பேரு வச்சிருக்கான். 33 சதவீதம்னு போட்டிருந்தா, மணிக்கு 20 நிமிஷம் வேலை, 40 நிமிஷம் ஓய்வுன்னு வச்சுக்கிடும். 100 சதவீதம்னு போட்டிருந்தா உடனே சந்தோசப்படாதேயும். எத்தனை பி.எஸ்.ஐ.ல, எத்தனை டிகிரி வெயில்லன்னு கேளும். அவன் ஏசி ரூம்புல வச்சு அளந்திருப்பான், நீரு அடிக்கப்போறது மொட்டை வெயில்ல.

சின்ன மிஷினுக்கெல்லாம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஓட்டு, அதே அளவு ஆறவிடுன்னு சீட்டுலயே எழுதியிருக்கும். யாரு படிக்கா? நாலு டயரு முடிக்க ரெண்டு தடவை ஆறவிட்டா, பொழுது சாய்ஞ்சிரும். உம்ம கூட வந்த சிநேகிதமாரு ஆளுக்கொரு பனைமரத்தடியத் தேடிப் போய் ஒக்காந்து, பேசுறத நிறுத்திருவாங்க. வீட்டம்மா கூட வந்திருந்தா நெலமைய நான் சொல்ல வேண்டியதில்ல.

மிஷின மணல்ல வைக்காதேயும். வண்டி நெழல்ல ஒரு சாக்கையோ, கால்மிதியையோ விரிச்சு அது மேல வையும். தேரி மணலு மாவு மாதிரி பொடிசு, மிஷினு காத்து இழுக்கும்போது அதையும் சேத்து இழுக்கும். வாயில துணி மாதிரி, பஞ்சு மாதிரி ஒரு வடிகட்டி இருக்கும், கழத்திக் கழுவ முடியுதான்னு பாத்து வாங்கும். அது இல்லாத ஒண்ண எவனோ கொண்டாந்து என் டயர் கடையில தொறக்கச் சொன்னான். சிலிண்டருக்குள்ள எண்ணெயோட சேந்து சேப்பாக் களி கட்டியிருந்துச்சு.

கரண்டு எங்கருந்து எடுக்கப் போறீரு? சிகரெட்டு லைட்டர் ஓட்டையில சொருகுவேங்கீரு. அந்த லைனுக்கு 10, 15 ஆம்பியர் ஃபியூசு, மிஞ்சிப்போனா 20. 12 வோல்ட்டு, 10 ஆம்பியருன்னா 120 வாட்டு. அதுல ஓடுற மோட்டாரு எம்புட்டுச் சோப்ளாங்கியா இருக்கும்னு நீரே சொல்லும். உருப்படியான மிஷினு 30 ஆம்பியரு இழுக்கும். அத ஓட்டையில சொருகுனா ஃபியூசு போகும். அதோட செல்போன் சார்ஜரும் போகும், கூகுள் மேப்பும் போகும், அப்புறம் வழி கேக்கவும் மாமாவுக்குத்தான் போன் போடணும். நேரா பானட்டத் தொறந்து பேட்டரியில மாட்டுற முதலைக் கிளிப்பு வச்சதா வாங்கும். வயரு தடியா இருக்கணும். சேப்பு பிளஸ்ஸுல, கறுப்ப இஞ்சின் பக்கம் நல்ல இரும்புல. இஞ்சின ஓடவிட்டு அடியும், அப்பத்தான் 14 வோல்ட்டு பக்கத்துல வரும், மோட்டாரும் முக்காம ஓடும்.

இதுல ஒரு இடைஞ்சல். மிஷினு முன்னால பேட்டரிகிட்ட, பின் டயரு பின்னால. ஓசு குட்டையா இருந்தா, ஓசப் புடிச்சு இழுத்து நீரு ஒரு பக்கமும் உம்ம சம்சாரம் ஒரு பக்கமும் நிக்கணும். முன்னால நின்னு நாலு டயருக்கும் எட்டணும், ஆறேழு மீட்டராவது வேணும். முனையில பிளாஸ்டிக்கு கிளிப்பு வேண்டாம், வெயில்ல எளகித் தெறிச்சிரும். பித்தளையில வாங்கும். ஆனா அடிச்ச உடனே மிஷினு பக்கத்துப் பித்தளையத் தொடாதேயும். எங்க கடைப் பையனுக்குக் கட்டைவெரல் தோலு பூரா அதுல ஒட்டிக்கிட்டு வந்துச்சு, இப்ப அவன் சாக்குத் துணி இல்லாம அதுகிட்டப் போறதில்ல.

மின்னுற நம்பர நம்பி ஏமாறாதேயும். மிஷினு ஓடிக்கிட்டு இருக்கும்போது ஓசுக்குள்ள இருக்குற அழுத்தத்தையும் சேத்து ஜாஸ்தியாக் காட்டும். நிறுத்திட்டுப் பாக்கணும். தனியா ஒரு நல்ல கேஜு வாங்கி வச்சிக்கிடும். காத்த எறக்கும்போதும் அதுதான வேணும். போன கோடையில ஒரு தம்பி வேகமா எறங்கட்டும்னு வால்வு பின்னையே கழத்தியிருக்கான். பின்னு தெறிச்சு மணலுக்குள்ள போயிருச்சு. நாலு படிச்ச புள்ளைங்க மணலச் சலிச்சுக்கிட்டு இருந்தத நான் டிராக்டர்லருந்தே பாத்தேன். பத்து ரூவா சாமான், என் சட்டைப் பையிலயே கெடந்துச்சு. எவ்வளவுக்கு வித்தேன்னு மட்டும் கேக்காதேயும்.

ஆனா ஒண்ணு. இத்தனையும் வாங்கிட்டு, காத்த எறக்க மனசு வருமா உமக்கு? இங்க வாரவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு வராது. வண்டிக்கு அத்தனை லட்சம் எண்ணிக் குடுத்தவன், காத்த வெளிய விட மட்டும் கணக்குப் பாப்பான். 30-லருந்து 26-க்கு எறக்கிட்டு, எறக்கியாச்சு மாமாங்கான். மணலுக்கு 15, 18-ன்னு வரணும் மருமவனே. அப்பத்தான் டயரு தரையோட நீளமாப் படியும், எடை பரவும், வண்டி மணல் மேல மெதக்கும். டயரு அமுங்கித் தொந்தி போட்ட மாதிரி தெரியும். தெரியட்டும், உமக்கும்தான் இருக்கு. ஆனா வீரம் காட்டி 10-க்குக் கீழ போய், ஸ்டியரிங்க வெட்டித் திருப்புனா, டயரு ரிம்ம விட்டுக் கழண்டுக்கிடும். அப்பறம் உம்ம மிஷினு ராத்திரி பூரா ஊதுனாலும் காத்து ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் போயிரும். டயர ஒரே மூச்சுல உப்பவச்சு ரிம்முல ஒக்காரவைக்க, தொட்டியில தேக்கிவச்ச காத்து வேணும். அது என் கடையில இருக்கு. ரேட்டு, ஆளப் பொறுத்து.

மணல விட்டு ஏறுனதும், தார் ரோட்டுல வேகம் புடிக்கிறதுக்கு முன்னாலயே காத்த ஏத்திப்புடும். 15-ஐ வச்சுக்கிட்டு 80-ல போனா டயரோட பக்கவாட்டு மடங்கி மடங்கிச் சூடேறிக் கிழியும். அப்பறம் இன்னொரு சங்கதி, குதிரைமொழித் தேரி காப்புக்காடு. பாரஸ்ட்காரங்ககிட்டக் கேக்காம உள்ள விட்டீருன்னா டிராக்டரு கூட வராது, ஜீப்பு வரும். முந்திரித் தோப்பு வச்சிருக்குறவங்ககிட்டக் கேட்டு அவங்க எடத்துல ஓட்டும்.

நெசத்தச் சொல்லட்டா? வருசத்துக்கு ஒருதடவை கொடைக்கு வந்து இந்த மணல்ல சுத்துறதுக்கு உமக்கு மிஷினே வேண்டாம். கேஜு ஒண்ணு போதும். எறக்கிக்கிட்டு ஓட்டும், முடிச்சதும் மாட்டுவண்டி வேகத்துல பங்க் வரைக்கும் உருட்டும், அங்க காத்து ஓசி. மிஷினு ரிப்பேருன்னு அட்டை தொங்குனா என் கடைக்கு வாரும், எனக்கு ஒரு டீ போதும். ஆனா கச்சுக்குப் போறேன், லடாக்குக்குப் போறேன்னு ஸ்டேட்டஸ் போடுதீரே, அங்க என் டிராக்டரு வராது. அதுக்குன்னா பேட்டரி கிளிப்பு வச்சது, நிமிஷத்துக்கு 70 லிட்டருக்கு மேல தள்ளுறது, இரும்பு உடம்பா வாங்கும். நாலு டயரும் ஆறேழு நிமிஷத்துல ஏறிரும். மலை உசரத்துல காத்தே மெலிசு, அங்க இன்னும் கொஞ்சம் நேரம் ஆவும். கனமாத்தான் இருக்கும், தூக்க உடம்புல தெம்பு வேணும். அந்தப் பச்சை லைட்டு மிஷினயும் வாங்கியே தீருவேன்னா, உங்க அம்மா ஸ்கூட்டிக்குக் குடுத்துரும், அதுக்கு அது நல்லாவே அடிக்கும்.

எந்த மிஷின வாங்குனாலும், வந்ததும் அலமாரியில பூட்டி வைக்காதேயும். அன்னைக்கே வீட்டு வாசல்ல, மத்தியான வெயில்ல, நாலு டயரையும் 15-க்கு எறக்கி 30-க்கு ஏத்திப் பாரும். மூணாவது டயருல மூச்சு வாங்குச்சுன்னா அன்னைக்கே திருப்பி அனுப்பும். பெட்டிய மட்டும் கிழிச்சுப் போட்டுறாதேயும், அது இல்லன்னா காசு தர மாட்டான்.