மேன்மைமிகு கம்பியாருக்கு ஒரு விண்ணப்பம்

சிங்கப்பூரின் ரோச்சோர் கால்வாயோரம் நிமிர்ந்து நிற்கும் மேன்மைமிகு கம்பித் தடுப்பு அவர்களின் சமூகத்துக்கு, காற்றடைக்கும் கயாக் ஒன்றின் சொந்தக்காரரான விண்ணப்பதாரர் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

போன ஞாயிறு தேக்காவில் தோசையை முடித்துக்கொண்டு, முதுகில் பையுடன் அவர் தங்களை நாடி வந்தார். பையைத் திறக்கவில்லை; ஒரு முழத் துடுப்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காவலர் ஓடி வந்தார். “அங்கிள், இங்கெல்லாம் போட் விட முடியாது. வேணும்னா ஃபோட்டோ எடுத்துக்குங்க.” போகிற வருகிறவர்கள் சிரித்தார்கள். விண்ணப்பதாரர் கம்பி நீட்டினார்.

மீறி இறங்கினால் கம்பி எண்ண வேண்டிவரும் என்று பயந்து, முன்கூட்டியே தங்களை எண்ணிப் பார்த்தார். நூறோடு கண்ணைக் கட்டிவிட்டது.

பக்கத்துச் சாலைக்குப் பெயர் சுங்கை ரோடு. மலாயில் சுங்கை என்றால் ஆறு. 2006இல் வந்த நீர்நிலைத் திட்டத்தின் முழக்கமோ ‘துடிப்பு, அழகு, தூய்மை’. பின்னிரண்டுக்கும் குறைவில்லை. துடிப்பைத் தங்களுக்கு இந்தப் பக்கம் மெதுவோட்டம் ஓடுபவர்களிடம் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு வலித்தவர்களில் பெரும்பாலோர் சூலியாத் தமிழர்கள். அப்போது தாங்கள் பிறக்கவில்லை. 1977இல் தொடங்கிய பத்தாண்டுத் துப்புரவின் நடுவே, 1983இல், படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. நாற்றமும் போனது; விண்ணப்பதாரரின் மூக்கே சாட்சி.

மழை என்பீர்கள். புக்கித் தீமாவில் கொட்டினால் இங்கே நீர் மளமளவென்று ஏறும். அது கம்பி கட்டுகிற கதையில்லை, உண்மை. ஆனால் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கிலோமீட்டர் சிமெண்டுக் கால்வாயை 3.2 கிலோமீட்டர் ஆறாக வளைத்து 2012இல் திறந்தபோது, நீர்மட்டக் கருவியும் எச்சரிக்கை விளக்கும் சங்கும் வைத்தார்களே! குழந்தைகள் கால் நனைக்கிறார்கள். அதே சங்கு இங்கே ஊதாதா? காலாங் படுகையில் துடுப்புப் போடலாம், அங்கே போய்ச் சேரும் இதே தண்ணீரில் கூடாதாம். ஏன் என்று மூன்று முறை எழுதிக் கேட்டாயிற்று. ஒரு வரி பதில் இல்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு இல்லை, சோம்பேறித்தனம்.

மன்னிக்கவும். தங்கள் பளபளப்பில் கண் கூசி, வாய் தவறிவிட்டது.

கேட்பது ஒரு சிறு படித்துறை, பூட்டுப் போட்ட ஒரு கதவு, மழையில்லாத ஞாயிறு காலைகள். அதுவரை விண்ணப்பதாரர் வீட்டு ஹாலில் கயாக்குக்குக் காற்றடித்து உட்கார்ந்து பழகுகிறார். நேற்று துடுப்பு மின்விசிறியில் மாட்டிக்கொண்டது. வீட்டுக்காரம்மா ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.