செத்தும் காட்டிக்கொடுத்தாள்

நியூயார்க்கில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த ரூத் பிரவுன் ஒருநாள் தவறான எண்ணுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டாள். மறுமுனையில் இருந்த ஆல்பர்ட் ஷ்னைடர் வாய்க்கு வந்தபடி கத்தினார். பிறகு மனசு கேட்காமல் அவரே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார், தன் ஆபீசில் வேலை வாங்கித் தந்தார், 1915-ல் கல்யாணமும் செய்துகொண்டார். ராங் நம்பர் என்று ஆரம்பத்திலேயே தெரிந்தும் இருவரும் போனை வைக்கவில்லை.

ஆல்பர்ட் 'மோட்டார் போட்டிங்' என்ற பத்திரிகையில் கலை ஆசிரியர். ரூத்தைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். படகு, மீன்பிடித்தல், தோட்டம், ஆணி சுத்தியல் என்று வீட்டோடு கிடக்கிற மனிதர். ரூத்துக்கு நடனம் வேண்டும், சீட்டுக்கட்டு வேண்டும், நாலு பேர் சிரிக்கிற இடம் வேண்டும். ஷ்னைடர் என்ற ஜெர்மன் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஸ்னைடர் என்று மாற்றச் சொன்னாள், மாற்றினார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் நல்ல புருஷன்.

மற்ற விஷயங்களில் ஜெஸ்ஸி குறுக்கே நின்றாள். ஜெஸ்ஸி கிஷார்ட், ஆல்பர்ட்டுக்கு நிச்சயமான பெண். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோனவள். அவள் படத்தைப் புது மனைவியோடு குடியேறிய வீட்டின் சுவரில் மாட்டினார் ஆல்பர்ட். படகுக்கு அவள் பெயரை வைத்தார். தான் சந்தித்ததிலேயே உத்தமமான பெண் அவள்தான் என்று கட்டிய மனைவியிடமே சொன்னார். உயிரோடு இருக்கிற சக்களத்தியோடு சண்டை போடலாம், சமாதானம் ஆகலாம், சேர்ந்து புருஷனைத் திட்டவும் செய்யலாம். செத்துப்போன சக்களத்திக்கு வயதும் ஆகாது, உடம்பும் பெருக்காது, குழம்பில் உப்பும் கூடாது. அவளை எப்படி ஜெயிப்பது?

ரூத் ஜெயிக்க முயலவில்லை. 1925-ல் மன்ஹாட்டன் உணவகம் ஒன்றில் ஜட் கிரே என்பவரைச் சந்தித்தாள். நியூஜெர்சிக்காரர், மூக்குக்கண்ணாடி, மனைவி, ஒரு பெண் குழந்தை, சர்ச்சில் நல்ல பெயர். தொழில், ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கான கார்செட் விற்பது. 1920-களில் அமெரிக்கப் பெண்கள் இடுப்பை இறுக்கும் அந்தச் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுத் தொளதொளவென்று கவுன் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆக, அழிந்துவரும் சரக்கை விற்கிற மனிதர். ரூத்தைவிட மூன்று வயது பெரியவராக இருந்தும் அவளை 'மாம்சி' என்று கூப்பிட்டார், அம்மாக்கண்ணு என்பதுபோல. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால் எந்த வக்கீலும் அவரைக் கூட்டாளியாக எடுக்காதே என்று ரூத்துக்குச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு இருவரும் சந்தித்துக்கொண்டது வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில். சில நாள் ரூத் தன் சின்ன மகளையும் கூட்டி வருவாள். அம்மா மேலே போனதும் குழந்தை கீழே லாபியில் இருக்கும், இல்லையென்றால் லிஃப்டில் ஏறி இறங்கி விளையாடும்.

இனி இன்சூரன்ஸ். அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் யார் உயிர்மேலும் யார் வேண்டுமானாலும் பாலிசி எடுக்கலாம். படுக்கையில் கிடக்கிற மந்திரி, வழக்கில் சிக்கிய பிரபு, 1743-ல் போர்முனைக்குப் போன ராஜா இரண்டாம் ஜார்ஜ், எல்லார் தலைமீதும் பந்தயம் கட்டினார்கள். இன்னார் பிழைக்கமாட்டார் என்று விகிதம் ஏறுகிற செய்தி பத்திரிகையில் வந்து, அதைச் சம்பந்தப்பட்ட நோயாளியே படிக்கிற கொடுமையும் நடந்தது. 1774-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டு இதை நிறுத்தியது. இனி ஒருவர் உயிர்மேல் பாலிசி எடுக்க வேண்டுமானால், அவர் உயிரோடு இருப்பதில் உனக்கு ஏதாவது அக்கறை இருக்க வேண்டும். அந்த அக்கறையை நிரூபிக்கவும் வேண்டும். பிறகு வந்த நீதிபதிகள் ஒரு சலுகை தந்தார்கள்: கணவனும் மனைவியும் நிரூபிக்க வேண்டியதில்லை, அவர்களுக்குள் அக்கறை இருப்பதாகவே வைத்துக்கொள்ளலாம். அந்த நீதிபதிகள் எல்லோரும் வீட்டில் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

கடல் தாண்டி அமெரிக்காவுக்கும் வந்த இந்தச் சலுகையை ரூத் முழுதாகப் பயன்படுத்தினாள். ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் பிடித்து, ஆல்பர்ட்டுக்குத் தெரியாமல் ஏறக்குறைய 50,000 டாலருக்குப் பாலிசிகள் போட்டாள். கணவர் ஏதோ சின்னத் தொகைக்கு என்று நினைத்துப் போட்ட கையெழுத்து பெரிய தொகைக்குப் போய்விட்டது. பாலிசியில் ஒரு ஷரத்து இருந்தது. விபத்திலோ எதிர்பாராத வன்முறையிலோ இறந்தால் இரட்டிப்புப் பணம். சாதாரணச் சாவுக்கு ஒரு பங்கு, கோரச் சாவுக்கு இரண்டு பங்கு. கணவர் நிம்மதியாகத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தால் பாதிப்பணம் நஷ்டம் என்ற நிலைக்கு ஒரு மனைவியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஷரத்தை யோசித்தவர் எந்த மேஜையில் உட்கார்ந்து யோசித்தாரோ. பிரீமியம் ரசீதுகள் புருஷன் கண்ணில் பட்டுவிடாமல் தன் கையிலேயே வந்துசேர ரூத் தபால்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள் என்பார்கள். ஏஜென்ட் பிறகு மோசடிக் கையெழுத்துக்காக ஜெயிலுக்குப் போனார்.

பிரீமியம் கட்டியாயிற்று, ஆல்பர்ட் சாகிற வழியைக் காணோம். ரூத்தே முயன்று பார்த்தாள், ஏழு தடவை என்கிறது வழக்குக் கதை. காஸ் குழாய் கழன்றுகொண்டது, அவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மூடிய கராஜுக்குள் கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் வெளியே வந்துவிட்டார். ஒருமுறை அவருக்கு விக்கல் எடுத்தபோது பாதரச விஷத்தை மருந்து என்று கொடுத்துப் பார்த்தாளாம். வாந்தி எடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டார். இதைப் பிறகு கோர்ட்டில் சொன்னவர் கிரே. இத்தனை நடந்தும் ஆல்பர்ட்டுக்குச் சந்தேகம் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் ரிப்பேர் வேலை அதிகம் இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

கடைசியில் மாம்சி தன் கார்செட் வியாபாரியை அழைத்தாள்.

1927 மார்ச் 19 சனிக்கிழமை இரவு, ஸ்னைடர் குடும்பம் பக்கத்தில் சீட்டாட்ட விருந்துக்குப் போயிருந்தது. குவீன்ஸ் வில்லேஜில் இருந்த வீட்டுக்குள் கிரே ஒளிந்துகொண்டார். மதுவிலக்குக் காலம், ஆனாலும் அவருக்காக விஸ்கி வைக்கப்பட்டிருந்தது. குளோரோஃபார்ம், படம் மாட்டுகிற கம்பி, ஒரு ஜன்னல் குண்டு என்று ஆயுதங்களும் தயார். அந்தக் காலத்து மேலை நாட்டு ஜன்னல்களில், கண்ணாடிச் சட்டத்தை ஏற்றி இறக்க எதிரெடையாகச் சுவருக்குள் தொங்குகிற இரும்புத் தண்டு அது. விடியற்காலை இரண்டு மணி வாக்கில் குடும்பம் திரும்பியது. ஆல்பர்ட் தூங்கியதும் கிரே குண்டை ஓங்கினார். அடி சரியாக விழவில்லை. ஆல்பர்ட் விழித்து அவருடைய டையைப் பிடித்துவிட்டார். கொலைகாரர் உடனே மாம்சியைக் கூப்பிட்டு அபயக்குரல் கொடுத்தார். அவள் வந்து குண்டைக் கையில் வாங்கினாள் என்பது கிரே சொன்னது. அவள் சொன்ன கதையில் எல்லாம் கிரேயின் வேலை. படுக்கையில் இறந்து கிடந்த அந்த மனிதர்மேல் மூன்று விதமான ஆயுதங்களும் பிரயோகமாகியிருந்தன என்பதில் மட்டும் கதைகள் ஒத்துப்போகின்றன.

பிறகு கொள்ளை நாடகம். மேஜை இழுப்பறைகளைத் திறந்து கொட்டினார்கள். ரூத்தின் கைகால்களைக் கட்டினார் கிரே. போகிற போக்கில் ஓர் இத்தாலிய மொழிப் பத்திரிகையையும் போட்டுவிட்டுப் போனார். அமெரிக்காவில் அப்போது எந்தக் குற்றம் நடந்தாலும் இத்தாலியர் என்றால் நம்புவதற்கு ஆள் இருந்தது. சாக்கோ, வான்சட்டி என்ற இரு இத்தாலியர்களை மாசசூசெட்ஸ் அதே 1927-ல்தான் மின்சார நாற்காலியில் உட்கார வைத்தது. ஆகவே திட்டத்தின் இந்தப் பகுதி மட்டும், வெட்கத்தோடு சொல்ல வேண்டும், யோசித்துச் செய்தது.

காலையில் ஒன்பது வயது மகள் எழுந்து வந்து அம்மா கட்டுண்டு கிடப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். போலீஸ் வந்தது. பெரிய மீசை வைத்த இத்தாலியன் ஒருவன் தலையில் அடித்தான், ஐந்து மணி நேரம் நினைவில்லை என்றாள் ரூத். டாக்டர் தலையைத் தடவிப் பார்த்தார், ஒரு வீக்கம்கூட இல்லை. கதவிலோ ஜன்னலிலோ உடைத்த அடையாளம் இல்லை. திருடுபோன நகைகள் மெத்தைக்கு அடியில் இருந்தன. ஜன்னல் குண்டு அடித்தளத்துக் கருவிப் பெட்டியில் இருந்தது. திருடன் எதையும் வெளியே எடுத்துப் போகாமல், எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

துப்பறிவாளர் ஒருவர் ஆல்பர்ட்டின் பொருள்களைக் குடைந்தபோது 'ஜே.ஜி.' என்ற எழுத்துகள் கண்ணில் பட்டன. அது ஆல்பர்ட் நினைவாகப் பாதுகாத்த ஜெஸ்ஸி கிஷார்ட். போலீசுக்கு அது தெரியாது. யார் இந்த ஜே.ஜி. என்று சும்மா கேட்டுவைத்தார். கல்யாணமான நாள் முதல் அந்தப் பெயரைச் சுவரிலும் படகிலும் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவள், அந்த நேரத்தில் அதை மறந்துபோனாள். ஜட் கிரேக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். அதுவரை கிரேயின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நுணலாவது மழைக்குக் கத்துகிறது. சீதக்காதி செத்தும் கொடுத்தார். ஜெஸ்ஸி செத்தும் காட்டிக்கொடுத்தாள்.

போலீஸ் கொஞ்சம் பொய் கலந்து, கிரே ஒப்புக்கொண்டுவிட்டான் என்றதும் ரூத் கொட்டித் தீர்த்தாள். சிராக்யூஸ் நகரத்து ஓட்டலில் கிரேயைப் பிடித்தார்கள். இரவெல்லாம் அறையில்தான் தூங்கினேன் என்று சிரித்தார். நண்பர் ஒருவரை விட்டுப் படுக்கையைக் கலைக்கச் சொல்லி, கதவில் தொந்தரவு செய்யாதீர்கள் அட்டையும் தொங்கவிட்டிருந்தார். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நியூயார்க் போய்வந்த ரயில் டிக்கெட்டின் துண்டு அதே அறைக் குப்பைக்கூடையில் கிடந்தது. விடியற்காலையில் அவரை மன்ஹாட்டனுக்கு ஏற்றிச் சென்ற டாக்ஸி டிரைவரும் முகத்தை மறக்கவில்லை. மூன்றரை டாலர் வாடகைக்கு ஐந்து சென்ட் டிப்ஸ் வைத்தவரை எந்த டிரைவர் மறப்பார்?

ஏப்ரலில் லாங் ஐலண்ட் சிட்டி கோர்ட்டில் விசாரணை. சினிமா மேதை டி.டபிள்யூ. கிரிஃபித், தத்துவத்தின் கதை எழுதிய வில் டியூராண்ட், மதப்பிரசங்கி எய்மி செம்பிள் மெக்ஃபர்சன் எல்லாரும் கோர்ட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். வாசலில் ஜன்னல் குண்டு வடிவத்தில் டை பின் விற்பனை நடந்தது. டேமன் ரன்யன் என்ற பத்திரிகையாளர், கூறுகெட்ட கொலை என்ற பொருளில் இதற்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார். நீதிபதி டௌன்செண்ட் ஸ்கட்டர் மரண தண்டனைக்கு எதிரானவர், ஆனால் அவர் கையில் வேறு சட்டம் இல்லை. ஜூரியில் எல்லோரும் ஆண்கள். நியூயார்க்கில் பெண்கள் ஜூரியில் உட்கார இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. காதலர்கள் இருவரும் தனித்தனி வக்கீல் வைத்து ஒருவரை ஒருவர் மாட்டிவிட்டதால், அரசுத் தரப்புக்குப் பாதி வேலை மிச்சம். ஜூரி இரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை, மே 9 அன்று இருவரும் குற்றவாளிகள் என்றது. சிங் சிங் சிறையில் மரணத்துக்குக் காத்திருந்த ரூத்துக்கு 164 ஆண்கள் கல்யாணம் செய்துகொள்வதாகக் கடிதம் எழுதினார்களாம். அவள் முதல் புருஷன் எப்படிப் போனான் என்பதைப் பத்திரிகையில் விரிவாகப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

குழந்தையை ரூத்தின் அம்மா வளர்த்தார். இந்தக் கதையில் சிரிக்க முடியாத ஆள் அவள் ஒருத்திதான், அவளை விட்டுவிடுவோம்.

1928 ஜனவரி 12 இரவு ரூத்தும், சில நிமிடங்கள் கழித்து கிரேயும் மின்சார நாற்காலியில் உட்கார்ந்தார்கள். படம் எடுக்கத் தடை. நியூயார்க் 'டெய்லி நியூஸ்' பத்திரிகை, உள்ளூர்ப் புகைப்படக்காரர்களைச் சிறைக்காவலர்களுக்குத் தெரியும் என்பதால் சிகாகோவிலிருந்து டாம் ஹவர்ட் என்பவரைக் கொண்டுவந்தது. அவர் கணுக்காலில் ஒரு சின்ன காமிராவைக் கட்டி, பேண்டுக்குள் வயரை ஓட்டி, சாட்சி வரிசையில் உட்கார்ந்து காலைத் தூக்கி அமுக்கினார். மறுநாள் முதல் பக்கம் முழுக்க ரூத், தலைப்பில் 'செத்தாள்' என்ற ஒற்றைச் சொல். அந்தக் காமிரா இப்போது ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிறது.

அப்போது நியூயார்க்கில் பத்திரிகை ஆபீஸ் ஒன்றில் இருந்த ஜேம்ஸ் எம். கெய்ன், 1936-ல் இதை வைத்து ஒரு தொடர்கதை எழுதினார். பாலிசியின் அந்த இரட்டிப்பு ஷரத்தின் பெயரே கதைக்குத் தலைப்பு. கார்செட்காரரைத் தூக்கிவிட்டு, காதலனை இன்சூரன்ஸ் ஏஜென்ட்டாகவே ஆக்கினார். தொழில் தெரிந்தவன் கையில் கொடுத்தால்தான் கதை நிற்கும் என்று அவருக்குப் புரிந்திருந்தது. கொலை செய்வது எப்படி என்று ஜனங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும் என்று பயந்து ஹாலிவுட் தணிக்கைக்காரர்கள் பல வருஷம் படமாக்க விடவில்லை. 1944-ல் பில்லி வைல்டர் எடுத்தார். முடிவில் காதலன் விஷவாயு அறையில் சாகிற காட்சிக்குப் பெரும் செலவில் செட் போட்டு, படமாக்கி, போட்டுப் பார்த்துவிட்டு, இது தேவையே இல்லை என்று வெட்டி எறிந்தார்.