லிட்டன் துரையும் அன்னூர்ப் பன்னியும்

லிட்டன் பிரபு ஒரு கவிஞர். ஓவன் மெரிடித் என்று புனைபெயர்கூட வைத்திருந்தார். கவிதை எழுதுகிறவரைப் பிடித்து வைஸ்ராய் ஆக்கினால் என்ன நடக்கும் என்று லண்டனில் யாராவது யோசித்திருக்கலாம். 1876ல் வந்து இறங்கினார். அப்போது நம்ம சீமையில் தாது வருஷப் பஞ்சம். சனங்கள் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருக்க, 1877 ஜனவரி 1ஆம் தேதி துரை தில்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியா ராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டினார். விருந்து பலமாம்.

பசித்தவன் சும்மா இருக்கமாட்டான், ஒன்று எழுதுவான், இல்லை சுடுவான் என்று துரைக்கு உறைத்திருக்க வேண்டும். 1878 மார்ச்சில் இரண்டுக்கும் சேர்த்தே சட்டம் போட்டார். ஒன்பதாம் சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. பதினொன்றாம் சட்டம் ஆயுதச் சட்டம். லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் உள்ளே போகவேண்டியதுதான். துப்பாக்கியைப் பிடுங்குகிற அன்றைக்கே, "பிடுங்கிட்டாங்க" என்று எழுதுகிறவன் கையையும் பிடித்துக்கொண்டால் வேலை சுலபம் பாருங்கள்.

இரண்டிலும் ஒரு ஓட்டை இருந்தது, வெள்ளைக்காரன் அளவுக்கு. ஆங்கிலப் பத்திரிகைக்குத் தடை இல்லை. ஐரோப்பியருக்கு லைசென்சு வேண்டாம். கல்கத்தா 'அமிர்த பஜார் பத்திரிகா' வங்காளத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே வாரத்தில் முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தப்பித்தது. துப்பாக்கி வைத்திருந்தவன் அப்படி ஒரே வாரத்தில் ஐரோப்பியனாக மாற வழியில்லை.

நம்ம மாகாணத்துக் கதை கொஞ்சம் மானக்கேடு. பத்திரிகைச் சட்டம் வேண்டுமா என்று கேட்டபோது மற்ற மாகாண அரசுகள் தலையாட்டின; சென்னை மட்டும் அவசியமில்லை என்றது. தாராள மனசு என்று சந்தோஷப்படலாம். "எங்க ஊர்ப் பத்திரிகைகள் கடிக்காதுங்க" என்று சொன்னதாகவும் எடுத்துக்கொள்ளலாம். அதே 1878 செப்டம்பரில் ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்களும் கடன் வாங்கி 80 பிரதி அச்சடித்து 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். 1882ல் ஐயர் 'சுதேசமித்திர'னையும் கொண்டுவந்தார். அதே ஆண்டு ரிப்பன் பிரபு பத்திரிகைச் சட்டத்தைத் தூக்கினார். துப்பாக்கிச் சட்டத்தை அவரும் தொடவில்லை. அது சுதந்திரம் வந்த பிறகும் 15 வருஷம் சுகமாக வாழ்ந்து, 1959ல் போட்ட புதுச் சட்டம் 1962ல் அமலுக்கு வந்தபோதுதான் கண்ணை மூடியது. அதுவும் அதே சாடையில் ஒரு வாரிசை விட்டுவிட்டு.

இதற்கு நடுவில் துப்பாக்கி உரிமை கேட்டது யார் என்று பார்த்தால் சிரிப்பு வரும். 1887ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு. தலைவர் பத்ருதீன் தியாப்ஜி. மேடையில் பிபின் சந்திர பால் ஏறி ஆயுதச் சட்டத்தைப் போட்டுத் தாளித்தார். நிறைவேறிய தீர்மானம் என்ன சொன்னது? சனங்களின் ராஜபக்தியைக் கருதி இந்தச் சட்டத்தைத் தளர்த்தவேண்டுமாம்! உங்கள்மேல் அவ்வளவு விசுவாசம், அதனால் எங்களுக்குத் துப்பாக்கி கொடுங்கள் என்று எழுதிக் கேட்ட கூட்டம் உலகத்தில் வேறு எங்கேயும் இருந்திருக்காது.

அடுத்து வந்தவர் காந்தி. ஆமாம், அவரேதான். 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வினுக்கு வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரியும் இருந்தது, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்சும் இருந்தது. கிழவர் உப்பு எடுக்க தண்டிக்கு நடந்தார். லைசென்சு எடுக்க யாரும் எங்கேயும் நடக்கவில்லை. தராசனா உப்பு மேட்டில் தொண்டர்கள் அடிவாங்கியதை அமெரிக்க நிருபர் வெப் மில்லர் எழுதி அனுப்ப, உலகம் முழுக்க அச்சானது. துப்பாக்கிக் கோரிக்கைக்கு அப்படி ஒரு நிருபர் வாய்க்கவில்லை. மண்டை உடையாத கோரிக்கைக்குத் தலைப்புச் செய்தி கிடையாது என்பது அப்போதே சட்டம்.

ஆனால் கிழவரை அமெரிக்காக்காரன் விடவில்லை. ஒரு தேசத்தின் ஆயுதத்தையே பறித்த சட்டத்தை, பிரிட்டிஷார் செய்த கேடுகளிலேயே படுமோசமானது என்ற மாதிரி காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். அங்கே துப்பாக்கி உரிமை சண்டை வரும்போதெல்லாம் அந்த வரியை ஆதரவுக் கோஷ்டி எடுத்து நீட்டும். பாருங்கப்பா, அகிம்சைக்காரரே நம்ம கட்சி! வரிக்கு முன்னும் பின்னும் இருப்பதை வெட்டிவிடுவார்கள். அது 1918ல் கேடா ஜில்லாவில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கக் காந்தி போட்ட துண்டறிக்கை. துப்பாக்கி வேண்டுமா, பட்டாளத்தில் சேரு, சர்க்காரே கொடுக்கும் என்பது விஷயம். படத்தில் கத்தரித்த காட்சியை மட்டும் போட்டு டிரெய்லர் ஓட்டுகிற வேலை இது.

1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்திலும் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை இடம்பிடித்தது. சுதந்திரம் வந்தது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் எழுந்து, "அந்த உரிமையைச் சேர்த்துவிடலாமே" என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஒத்துக்கொள்ளவில்லை, திருத்தம் தோற்றது. கடைசியில் நமக்குக் கிடைத்தது, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடுகிற உரிமை. என்னைக் கேட்டால் அம்பேத்கர் செய்ததுதான் சரி. நம்ம பக்கம் வரப்புத் தகராறும் வாய்க்கால் தகராறும் நடக்கிற வேகத்துக்கு ஆளுக்கொரு துப்பாக்கி இருந்திருந்தால் பத்திரப்பதிவு ஆபீசில் வாரிசு மட்டும்தான் மிச்சம் இருப்பார்கள்.

தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் துப்பாக்கிக்கு முழுப் பக்கம் கொடுத்த நாள் என்றால் 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா சுட, எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு. ராதா தன்னையும் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அமெரிக்காவாக இருந்தால் மறுநாளே துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றி வாதம் கிளம்பியிருக்கும். இங்கே கிளம்பியது போஸ்டர். கழுத்துக் கட்டோடு எம்.ஜி.ஆர். கும்பிடுகிற படம் சுவருக்குச் சுவர் ஏறியது. அவர் பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார், தி.மு.க. கோட்டையைப் பிடித்தது. டீக்கடையில் சனங்கள் முட்டிக்கொண்டது 'யார் யாரைச் சுட்டது' என்பதில்தான். கண்ட கண்ட வீட்டில் ஏன் துப்பாக்கி இருக்கிறது என்று கேட்டவரை நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போது கோவைப் பக்கத்து அன்னூருக்கு வருவோம். ஊர் உண்டானதே ஆயுதபாணி ஒருவரால்தான். அன்னி என்ற வேடன் காட்டில் கிழங்கு தோண்டும்போது ரத்தம் பீறிட, அங்கே லிங்கம் இருந்தது. அவர்தான் மன்னீஸ்வரர் என்கிறது தலபுராணம். அன்னிக்கு லைசென்சு கேட்ட ஆள் கிடையாது. அவன் வாரிசாக வாழையும் கடலையும் போட்டிருக்கிற தோட்டத்துக்காரருக்குத்தான் சோதனை.

காட்டுப்பன்னி வந்து கடலைக்காட்டைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. பயிரைக் காக்கவென்றே துப்பாக்கி லைசென்சு கொடுக்க ஆயுதச் சட்டத்தில் வழி இருக்கிறது. வாங்கலாம். ஆனால் பன்னியை இஷ்டத்துக்குச் சுட்டால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிடித்துக்கொள்ளும். ஒரு சட்டம் துப்பாக்கியைக் கையில் கொடுத்து, இன்னொரு சட்டம் விசையிலிருந்து விரலை எடு என்கிறது. ஆகவே அந்த ரெட்டைக்குழல் துப்பாக்கி பாட்டன் போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும். தேர்தல் வந்தால் மட்டும் அதற்கு வெளியூர்ப் பயணம்.

தேதி அறிவித்ததுமே ஸ்டேஷனிலிருந்து போன் வரும், கொண்டாந்து ஒப்படைக்கச் சொல்லி. பெரியவர் துணியில் சுத்தி, மொபெட்டில் வைத்துக்கொண்டு போவார்.

"ஏனுங் ஏட்டய்யா, ஓட்டுக்கும் பன்னிக்கும் என்னங்க சம்பந்தம்? அது வந்து பூத்தையா புடிக்கப் போகுது?"

"மேல இருந்து ஆர்டருங்ணா. ரசீதப் பத்தரமா வெச்சுக்குங்."

குழலில் சணல் கட்டி, அட்டையில் பேர் எழுதித் தொங்கவிடுவார்கள். ஓட்டு எண்ணி முடிகிறவரைக்கும் துப்பாக்கி அங்கே, பன்னி இங்கே.

இதே வடமேற்கே சத்தி, தாளவாடி, மைசூர் தாண்டிக் குடகுக்குப் போனால் வேறு உலகம். 1861லிருந்தே குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்தில் விலக்கு. அங்கே கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிட்டுத் தேங்காயைச் சுடுகிறார்கள்.

2025 ஜனவரியில் நம்ம அரசாங்கமும் பன்னிக்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்றுக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்றைத் தாண்டினால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் சுடவேண்டும். பன்னி எங்கே நிற்கிறது என்று டேப் வைத்து அளந்து, கமிட்டி கூடி, ஆள் வருவதற்குள் கடலை அறுவடை முடிந்திருக்கும், பன்னி கையால். இது பொறுக்காமல் சிலபேர் தீனிக்குள் வெடி பொதிந்த அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதைக் கடிப்பது பல சமயம் பன்னி இல்லை, யானை. வாய் கிழிந்து, தீனி தின்ன முடியாமல் நாள்கணக்கில் கிடந்து சாகிறது. அப்போதுதான் பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வருகிறார்கள்.

ஆசிரியர்மார்களே, துப்பாக்கி என்றால் நடிகர் வேண்டும், தேர்தல் வேண்டும், இல்லை அமெரிக்கா வேண்டும் என்று இருக்காதீர்கள். அடுத்த தடவை விவசாயிகள் கலெக்டர் ஆபீசில் நாசமான கடலைச்செடியோடு மனு கொடுக்க வந்தால், மாவட்டப் பக்கத்தின் மூலையில் நாலு வரியோடு முடிக்காமல் முதல் பக்கத்தில் போடுங்கள். லிட்டன் சட்டமெல்லாம் போய் எத்தனையோ வருஷம் ஆச்சு, தைரியமாகவே போடலாம்.