நுண்கடன் ஆண்டுக்கு ஒரு பிந்திய நன்றிக் கடிதம்

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை,
நியூயோர்க்.

மாண்புமிகு ஐயாமாரே, அம்மாமாரே,

2005ஆம் ஆண்டைச் சர்வதேச நுண்கடன் ஆண்டாகப் பிரகடனம் செய்தீர்கள். அடுத்த வருஷமே கிராமீன் வங்கிக்கும் முகமது யூனுசுக்கும் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. வன்னியில் இருந்த எங்களுக்கு முதலில் சுனாமி, பிறகு யுத்தம் என்று வேறு அலுவல்கள் இருந்தன. கடன் கம்பனிகள் எங்கள் படலைக்கு வந்து சேர்ந்தது 2009க்குப் பிறகுதான். நன்றி பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும்.

புருஷனைப் பறிகொடுத்து, கூரையும் இல்லாமல், தூர்ந்த கிணற்றோடு நிற்பவளுக்கு என்ன வேண்டும் என்று எங்களைக் கேட்டிருந்தால், வேலை, வீடு, தண்ணீர் என்று பழைய பாட்டையே பாடியிருப்போம். நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை. கடன் தந்தீர்கள்.

காணி உறுதி வேண்டாம், நகை வேண்டாம், அயலில் நாலு பெண்கள் பொறுப்பு நின்றால் போதும் என்றார்கள் கம்பனிக்காரர்கள். ஆம்பிளைகளுக்குக் கொடுக்க மாட்டார்களாம், அவர்கள் ஓடிவிடுவார்களாம். நாங்கள் எங்கே ஓடுவது? பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கேதானே. இந்த உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு நோபல் கொடுத்தது மிகச் சரி.

கோழி வளர்க்கத்தான் காசு. ஆனால் குஞ்சு வளர்ந்து முட்டையிட மாதங்கள் பிடிக்கும், தவணையோ அடுத்த கிழமையே தொடங்கிவிடும். கோழிக்கு இதை விளங்கப்படுத்த எந்தக் கம்பனியும் பயிற்சிப் பட்டறை வைக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வரும் தம்பி விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவார், காசைக் காணாமல் எழும்ப மாட்டார். பாவம், அவருக்கும் மேலே ஒருவர் இலக்கோடு இருக்கிறார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், அரிசி இல்லாத நாளில் யாருடைய வீட்டுக்குச் சுண்டோடு ஓடினோமோ அவளுடைய படலையிலேயே போய் நின்று ஏசப் பழகிக்கொண்டோம். ஒரு கம்பனிக்குக் கட்ட இன்னொன்றில் எடுத்தோம், இரண்டுக்கும் கட்ட மூன்றாவதில் எடுத்தோம். பெண்கள் ஒழுங்காகத் திருப்பிக் கட்டுகிறார்கள் என்று உங்களுக்கு வரும் அறிக்கையில் எங்கள் தோடும் அடங்கும். தோடு இப்போது அடகுக் கடையில் இருக்கிறது.

2018 செப்டெம்பரில் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்தார். வருஷ வட்டி 220 வீதம் வரை போகிறது என்றார். தவணை கேட்டு வருபவர்கள் வேறு எதையெல்லாம் கேட்கிறார்கள் என்பதையும் சொன்னார், அதை இங்கே எழுத எனக்குக் கூசுகிறது. உங்கள் வீட்டு அறிக்கைதான், தேடினால் கிடைக்கும்.

அதே வருஷம் அரசாங்கமும் இரங்கியது. வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய் வரையான நுண்கடன் தள்ளுபடி. ஆனால் தவணை தவறியிருக்க வேண்டும். தோட்டை அடகு வைத்து நாள் தவறாமல் கட்டியவளுக்கு ஒன்றும் இல்லை. நாணயமாக இருந்தது அவள் பிழை.

பிறகு 2022 ஏப்ரல் 12 வந்தது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அரசே கைவிரித்தது. யாராவது ஜனாதிபதி மாளிகை விறாந்தையில் கதிரை போட்டு இருப்பார்கள் என்று காத்திருந்தோம். (மக்கள் உள்ளே போனது ஜூலையில், அது வேறு கதை.) கடன்காரர் எவரும் வரவில்லை. கடன் மறுசீரமைப்பு என்றார்கள். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் தர ஒப்புக்கொண்டது. கட்ட முடியாது என்ற அதே வசனத்தைத்தான் நாங்களும் சொன்னோம். உச்சரிப்பில் ஏதோ பிசகு போலும்.

எனவே ஒரு சிறு விண்ணப்பம். இரண்டு வருஷச் சந்தா அளவுக்கு நிலுவை சேர்ந்தால்தான் ஒரு நாடு உங்கள் சபையில் வாக்கை இழக்கும் என்கிறது உங்கள் சாசனத்தின் 19ஆம் உறுப்புரை. இரண்டு வருஷமா! எங்களுக்கு இரண்டு கிழமையே பெரிது. சந்தா வராமல் நீங்கள் படும் பாட்டைக் கேட்கவும் மனம் பொறுக்கவில்லை. உறுப்பு நாடுகளை ஐந்தைந்தாகக் குழுவாக்குங்கள். ஒன்று கட்டாவிட்டால் மற்ற நாலும் கட்டட்டும். வல்லரசுகளுக்கும் விதிவிலக்கு வேண்டாம். வசூலுக்கு ஆள் தேவையென்றால் எங்கள் கடன் குழுக்கள் கூடும் சென்டரில் அனுபவசாலிகள் இருக்கிறார்கள், கதிரையும் நாங்களே கொண்டு வருவோம்.

கூட்டம் வியாழன் காலை எட்டு மணிக்கு. பிந்தி வரும் தூதுவருக்குத் தண்டம் உண்டு.

இப்படிக்கு,
மூன்று கம்பனிகளின் நம்பிக்கைக்குரிய வாடிக்கையாளர்,
கிளிநொச்சி மாவட்டம்.