பெயர்ச்சொல்லுக்கு ஒரு டவாலி

தமிழில் 'பாடும்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். பாடும் ஆசை, பாடும் திறமை, பாடும் பழக்கம், பாடும் உரிமை, பாடும் வாய்ப்பு, பாடும் அபாயம். பின்னால் வந்து நிற்பது ஆசையானாலும் அபாயமானாலும் 'பாடும்' அசைந்து கொடுப்பதில்லை.

இதையே இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். ஆசை என்றால் 'டிசையர் டு சிங்'. திறமை 'எபிலிட்டி டு சிங்'. சரி, எல்லாவற்றுக்கும் 'டு' போட்டால் போதும் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்காரும்போது பழக்கம் வந்து 'ஹேபிட் ஆஃப் சிங்கிங்' என்று நிற்கும். அபாயத்துக்கும் அதே 'ஆஃப்'. சிரமம் என்றால் 'டிஃபிகல்டி இன் சிங்கிங்'. காரணம் என்றால் 'ரீசன் ஃபார் சிங்கிங்'. ஏன் இப்படி என்று எந்த வாத்தியாரைக் கேட்டாலும் "அது அப்படித்தான்" என்பார். பஞ்சாங்கத்தில் ராகு காலம் போட்டிருக்கிற மாதிரி மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான்.

நான் உதாரணத்துக்குப் பாட்டை எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஃப்ளாட்டில் மூன்றாம் மாடிக்காரர் ரிடயர் ஆன கையோடு பாட்டுக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். விடிவதற்கு முன்பே சரளி வரிசை ஆரம்பமாகிவிடும். மேல்ஸ்தாயி வரிசைக்கு அவர் வந்த வாரத்தில், பால்காரர் மூன்றாம் மாடி ஏறுவதையே நிறுத்திவிட்டு, பையைக் கீழே கேட்டிலேயே மாட்டச் சொல்லிவிட்டார்.

அசோசியேஷன் கூடியது. நேரில் போய்ச் சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. தைரியம் இல்லாத இடத்தில் இங்கிலீஷில் எழுதுவது நம் வழக்கம். ட்ரெஷரர் ஒரு ட்ராஃப்ட் தயாராக வைத்திருந்தார். முதல் வரியே, 'வி ஹேவ் அப்ஜெக்‌ஷன் டு சிங் இன் தி மார்னிங்'.

கூட்டத்தில் ஒரு ரிடயர்டு ஹெட்மாஸ்டர் இருந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"சார், இது தப்பு. தப்பைப் பொறுத்துக்கிட்டு அர்த்தம் எடுத்தாலும், காலையில பாடச் சொன்னா எங்களுக்கு ஆட்சேபணைன்னுதான் வரும். நம்மளை யார் பாடச் சொன்னா?"

"'டு' போட்டா அடுத்தது வெர்ப்தானே சார்?"

"ரெஃப்யூசல்னா 'டு சிங்'. அப்ஜெக்‌ஷன்னா 'டு சிங்கிங்'. இது வேற 'டு', அது வேற 'டு'."

"ஸ்பெல்லிங் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்," என்றார் ஹெட்மாஸ்டர், கொஞ்சம் சுருதி இறங்கி.

அவர் சொன்னது உண்மை. முதல் 'டு' வினைச்சொல்லோடு ஒட்டிப் பிறந்தது. இன்ஃபினிடிவ் என்று அதற்குப் பெயர். இரண்டாவது 'டு' சுத்தமான ப்ரிபொசிஷன். அதற்குப் பின்னால் பெயர்தான் வரவேண்டும், வினை வந்தாலும் 'இங்' மாட்டிக்கொண்டு பெயர் வேஷத்தில்தான் வரவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க ஆசைப்படுபவர்கள் 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவைப் புரட்டலாம். 'ரைட்' என்று தொடங்கி (அ), (ஆ) என்று அடுக்கிக்கொண்டு போகிறது. முதல் உட்பிரிவில் 'டு ஃப்ரீடம்': இது ப்ரிபொசிஷன். அடுத்ததில் 'டு அசெம்பிள்': இது இன்ஃபினிடிவ். ஒரே 'ரைட்'டின் கீழ் இரண்டு ஜாதி 'டு'வும் சமத்துவமாக உட்கார்ந்திருக்கின்றன. இதை எதிர்த்து யாரும் கோர்ட்டுக்குப் போனதாக என் காதுக்கு எட்டவில்லை.

ட்ராஃப்ட் நகர்ந்தது. இரண்டாவது வரியில் 'வி டிஸ்கஸ்டு அபௌட் திஸ்' என்றிருந்தது. ஹெட்மாஸ்டர் 'அபௌட்'டை அடித்தார். மூன்றாவது வரியில் 'வி ரிக்வெஸ்ட் ஃபார் சைலன்ஸ்'. 'ஃபார்' போயிற்று. கடைசி வரியில் 'திஸ் ரிக்வெஸ்ட் ஃபார் சைலன்ஸ்' என்று மறுபடி வந்தது. ட்ரெஷரர் முந்திக்கொண்டு தானே 'ஃபாரை' அடிக்கப் போனார். "அது இருக்கட்டும்," என்று கையைப் பிடித்துவிட்டார் ஹெட்மாஸ்டர். ட்ரெஷரர் அவரைப் பார்த்த பார்வையை நான் எழுத்தில் கொண்டுவர முடியாது.

இங்கேதான் நான் நம்மவர்கள் பக்கம் நின்று வாதாட விரும்புகிறேன். வினையாக இருக்கும்வரை 'டிஸ்கஸ்' தனியாக, கைவீசிக்கொண்டு வரும். 'டிஸ்கஷன்' என்று பெயர்ச்சொல்லாகப் பதவி உயர்வு கிடைத்துவிட்டால் பின்னால் ஒரு 'அபௌட்' வேண்டும். கிளார்க்காக பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்த ஆசாமி, கலெக்டர் ஆனதும் டவாலி இல்லாமல் வராந்தாவைத் தாண்டாத கதைதான். 'ரிக்வெஸ்ட்' வினையானால் தனி ஆள். பெயரானால் 'ஃபார்' என்ற டவாலி. 'எம்ஃபசைஸ்' தனி ஆள். 'எம்ஃபசிஸ்' ஆனால் 'ஆன்'. 'லாக்' வினையாக வரும்போது தனி ஆள்; பெயராக வந்தால் 'ஆஃப்'. 'ரிசெம்பிள்' தனி ஆள். 'ரிசெம்பிளன்ஸ்' வந்தால் 'டு'.

ஆகவே 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதுபவர் இங்கிலீஷ் தெரியாதவர் அல்ல. 'டிஸ்கஷன் அபௌட்' சரியென்று தெரிந்தவர். ஆபீசருக்கு டவாலி உண்டென்றால் கிளார்க்குக்கும் கொடுத்தால் என்ன என்று நியாயம் பேசுகிறவர். தர்க்கம் இருக்க வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. இல்லாதது இங்கிலீஷிடம்தான். ஜெயிப்பதற்கு 'சக்சஸ் இன் கெட்டிங்' என்று 'இன்' போடும் அந்த மொழி, பராமரிப்புக் கட்டணம் கட்டாதவர்களுக்கு எங்கள் ட்ரெஷரர் லிஃப்ட் பக்கத்தில் ஒட்டும் நோட்டீஸில் 'ஃபெயிலியர் டு பே' என்று 'டு' கேட்கிறது. வெற்றிக்கு ஒரு சட்டம், தோல்விக்கு ஒரு சட்டம்.

இந்த டவாலிகளின் பட்டியலை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தது ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகம். எந்தப் பெயருக்குப் பின்னால் 'ஃபார்', எதற்குப் பின்னால் 'ஆஃப்' என்று பத்தி பத்தியாகப் போட்டிருப்பார்கள். அந்த ரென் யார் தெரியுமோ? சகாராப் பாலைவனத்தில் பிரெஞ்சுப் பட்டாள வீரர்கள் படும் பாட்டை வைத்து 1924-ல் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவல் எழுதிய அதே பி.சி. ரென். நீர் நிழல் இல்லாத இடத்தில் மனிதர்களை நடக்கவிடுவதில் அவருக்கு முன் அனுபவம் இருந்திருக்கிறது.

இதைப் பார்த்து மனமிரங்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ஹார்ன்பியைச் சொல்லலாம். ஜப்பானுக்குப் போய் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். அங்கே உருவாகி 1942-ல் டோக்கியோவில் வெளிவந்த அவருடைய அகராதிதான் 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக வந்து, இன்று நம் பிள்ளைகளின் பையைக் கனக்க வைக்கிறது. பிறகு 1954-ல் வந்த அவருடைய இன்னொரு புத்தகம், பெயருக்குப் பின்னால் இன்ஃபினிடிவ் வருவது ஒரு வகை, ப்ரிபொசிஷன் வருவது ஒரு வகை என்று பிரித்துப் போட்டுக் காட்டியது. எந்தப் பெயர் எந்த வகை என்பதை மட்டும் அவராலும் விதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டியல்தான்.

இத்தனைக்கும் ஆதியில் இரண்டு 'டு'வும் ஒன்றுதான். பழைய இங்கிலீஷில் வினையைப் பெயர்போல ஆக்கி, அதற்கு நான்காம் வேற்றுமை விகுதி கொடுத்து, முன்னால் 'டு' வைத்தார்கள். நாம் 'பாடுவதற்கு' என்று சொல்கிற அதே ஏற்பாடு. காலப்போக்கில் விகுதி தேய்ந்து விழுந்துவிட்டது. 'டு' மட்டும் மிஞ்சி, தனிக்குடித்தனம் போய்விட்டது. நாம் 'கு'வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கடிதம் ஒருவழியாகப் போனது. மறுநாளே பதில் வந்தது. 'தேங்க் யூ ஃபார் யுவர் இன்டரெஸ்ட் இன் மை சிங்கிங்' என்று தொடங்கியிருந்தார். 'ஃபார்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஃபார்', 'இன்' இருக்க வேண்டிய இடத்தில் 'இன்'. அடுத்த வரி, 'ஐ ஹேவ் நோ இன்டென்ஷன் ஆஃப் ஸ்டாப்பிங்'. ஹெட்மாஸ்டர் இதை இரண்டு தரம் வாசித்தார். இன்டென்ஷனுக்குப் பின்னால் 'டு'வும் வரும், 'ஆஃப்'பும் வரும். ஆனால் எண்ணம் அறவே இல்லை என்று சொல்லும்போது 'ஆஃப்'தான் எடுப்பாக இருக்கும் என்று விளக்கிவிட்டு, "பாட்டு எப்படியோ, மனுஷன் இங்கிலீஷ் சுத்தம்," என்றார். விரோதம் அதோடு தீர்ந்தது. இப்போது வர்ணம் நடக்கிறது.

நம் ஜனங்களிடம் விட்டிருந்தால் இத்தனை தொல்லை இருந்திருக்காது. இங்கிலீஷ் பெயர்ச்சொல் தமிழ்நாட்டுக்குள் காலை வைத்ததும் நாம் செய்கிற முதல் காரியம், டவாலியைத் திருப்பி அனுப்புவது. 'சான்ஸ்' என்ற சொல்லுக்குச் சந்தர்ப்பம் என்றால் 'டு', சாத்தியம் என்றால் 'ஆஃப்'. 'சான்ஸ் ஆஃப் ரெய்ன்' என்பதற்குப் பதில் 'சான்ஸ் டு ரெய்ன்' என்றால், மழைக்கு நாம் ஒரு வாய்ப்புக் கொடுத்து ஆதரித்த மாதிரி ஆகிவிடும். நமக்கு ஏது இந்தக் கவலை? மழை வர சான்ஸ் இருக்கு, சினிமாவுல சான்ஸ் கேட்டான், பாட்டு சான்ஸே இல்ல. அவ்வளவுதான்.

நாளைக் காலை ஆபீசுக்குத் தாமதமாகும் என்று தெரிந்தால், 'பெர்மிஷன் டு கம் லேட்'டா, 'பெர்மிஷன் ஃபார் கமிங் லேட்'டா என்று உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். செக்‌ஷனுக்குப் போன் போட்டு, "சார், ஒன் ஹவர் பெர்மிஷன்" என்று சொல்லிவிட்டு வையுங்கள். கிடைத்துவிடும்.